காக்கப்பட்ட வீடுகளும் அகற்றப்பட்ட மாந்தரும்: சாள்ஸ்ரன் பழைய இல்லங்கள் பேணற் சங்கத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பழைய கட்டடங்களைப் பேணும் முயற்சிகள் பற்றி இருவகையான விளக்கங்கள் வழங்கி வருகின்றன. அவற்றை அழகுணர்ச்சியின் வெளிப்பாடு என்றும் முன்னோர் மீதான மதிப்பு என்றும் போற்றுவது ஒன்று. வீழ்ந்துபட்ட உடைமை வர்க்கத்தின் ஏக்கம் என்று கூறி ஒதுக்கிவிடுவது மற்றொன்று. முன்னையது பேணுவோர் தம்மைப் பற்றித் தாமே கூறிக்கொள்வது. பின்னையது முற்போக்காளர் பலர், நாம் உட்பட, ஆராயாமலே ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டும் போதியன அல்ல என்பதை உள்ளூர்ச் சங்கமொன்றின் வரலாற்றைக் கொண்டு எடுத்துக்காட்ட முயல்கிறோம்.

நாம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்திலுள்ள சாள்ஸ்ரன் நகரில் 1920ஆம் ஆண்டு தோன்றிய பழைய இல்லங்கள் பேணற் சங்கமாகும். 1957இல் அது சாள்ஸ்ரன் பேணற் சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்று இன்றும் இயங்கி வருகின்றது. இச்சங்கத்தின் முயற்சிகள் உருவாக்கிய சூழலிலேயே 1931இல் அந்நகர மாநகர சபை, தனித்தனிக் கட்டடங்களையன்றி ஒரு வட்டாரம் முழுவதையும் வரலாற்றுப் பெறுமதியுடையதாகப் பிரகடனஞ் செய்யும் சட்டத்தை இயற்றியது. அந்நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. பின்னர் பல நகரங்கள் அதனை முன்மாதிரியாகக் கொண்டன. எனவே சாள்ஸ்ரனில் நிகழ்ந்ததை ஒரு மூலையில் நிகழ்ந்த சிறு செய்தியாகக் கொள்ளவியலாது. அத்துடன், அடிமை வாணிபத்தின் தலைவாயிலாக விளங்கிய நகரம் அது. எவருடைய பழைமை பேணப்படுகின்றது என்ற வினாவை அங்கு எவரும் நீண்ட காலம் தட்டிக்கழிக்க இயலாது.

சங்கத்தின் கதை வழமையாகக் கூறப்படும் முறை எளிமையானது. செல்வம் இழந்தும் மானம் இழவாத சில பெண்கள், வட மாநிலப் பணத்தையும் பெற்றோல் நிரப்பு நிலையங்களையும் எதிர்த்து நின்று தம் நகரைக் காத்தனர். இக்கதையில் உண்மை உண்டு. அதனை மறுப்பது எமது நோக்கமன்று. ஆயின் ஒரு கதையில் எவர் பேசுகின்றனர் என்பதோடு எவர் பேசாதிருக்கின்றனர் என்பதையும் கேட்பது இலக்கிய விமரிசகரின் தொழில். அதே தொழிலையே இங்கும் செய்கிறோம்.

சாள்ஸ்ரன் 1670இல் ஆங்கிலேயக் குடியேற்றமாகத் தொடங்கியது. இரு ஆறுகளுக்கு இடையே கடலை நோக்கி நீண்டு கிடக்கும் ஒரு குடாநாட்டின் மேல் அமைந்தது. அதன் செல்வம் நெல்லிலிருந்து வந்தது. சதுப்பு நிலங்களை அணைகட்டித் திருத்தி, கடலின் ஏற்றவற்றங்களைக் கொண்டு வயலுக்கு நன்னீர் பாய்ச்சிய அப்பெருஞ் செய்கை முழுவதும் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் நடந்தது. அவர்களுட் பலர் நெல் விளையும் நாட்டவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. வட அமெரிக்கப் பெருநிலப்பரப்பின் வேறெந்தத் துறைமுகத்தையும் விட இத்துறைமுகத்தின் வழியாகவே அதிகமான அடிமைகள் கரையிறக்கப்பட்டனர். வயல்களின் உரிமையாளர் வெப்பக்காய்ச்சற் பருவத்திலும் கேளிக்கைப் பருவத்திலும் நகரில் வாழ்ந்தனர். அவர்கள் கட்டிய வீடுகளே பின்னர் பேணலுக்குரியனவாயின.

அவ்வீடுகளின் அமைப்பை இவ்விடத்துச் சிறிது விளக்குதல் வேண்டும். ஏனெனில் எமது வாதம் அதனைப் பற்றியே நிற்கின்றது. சாள்ஸ்ரனுக்குரிய தனிவகை வீடு தெருவுக்குத் தன் ஒடுங்கிய பக்கத்தையே காட்டும். அகலத்தில் ஓர் அறை, உள்நோக்கி நீளம், ஒரு பக்கம் முழுவதும் மாடிதோறும் விறாந்தை. அதன் பின்னே, தெருவில் நிற்பவர் கண்ணுக்கு எட்டாதவாறு, மதில் சூழ்ந்த முற்றம். முற்றத்திற் சமையற்கட்டு, சலவையிடம், குதிரைலாயம். இவற்றின் மேல்மாடியில் அடிமைகளின் உறைவிடம். முன்வீடும் பின்முற்றமும் ஒரே பொருளாதாரத்தின் இரு முகங்கள். ஒன்றின்றி மற்றையது இல்லை.

உள்நாட்டுப் போரின் முதற் குண்டுகள் 1861இல் இந்நகரத் துறைமுகத்திலேயே வெடித்தன. அதே ஆண்டின் இறுதியில் பெருந்தீ, 1865இல் தோல்வி, 1886இல் நிலநடுக்கம், 1911இல் அடித்த சூறாவளியோடு எஞ்சியிருந்த நெற்செய்கையும் முடிவுக்கு வந்தது. வட மாநில நகரங்கள் பழையவற்றை இடித்துப் புதியன எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில், சாள்ஸ்ரனில் இடிப்பதற்கும் பணம் இருக்கவில்லை. பழைமை அங்கு எஞ்சியதற்கு முதற் காரணம் பற்றன்று, வறுமையே.

அவ்வறுமையின் மற்றொரு விளைவு பற்றி வழமையான கதை அதிகம் கூறுவதில்லை. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் நகரின் பழைய தெருக்களில் அறை அறையாக வாடகைக்கு அமர்ந்தனர். சேச் வீதியிலும் ற்றாட் வீதியிலும் கிழக்குக் குடாவீதியிலும் ஒரு காலத்து வணிகர் மாளிகைகளிற் பல குடும்பங்கள் வாழ்ந்தன. கீழ்த்தளத்திற் கடைகள், மேலே அடுப்புகள், கொடியில் உலரும் துணிகள், குழந்தைகள். கூரை ஒழுகியது, நீர் வசதி இல்லை என்பன உண்மை. எனினும் அவை பாழடைந்த வீடுகள் அல்ல. மக்கள் வாழ்ந்த வீடுகள். இருபதாம் நூற்றாண்டின் முதற் கூற்றில் நகர மக்களுள் ஏறத்தாழ அரைப்பங்கினர் கறுப்பினத்தவர் என்பதையும், 1895ஆம் ஆண்டு மாநில யாப்பு அவர்களின் வாக்குரிமையை நடைமுறையிற் பறித்துவிட்டது என்பதையும் சேர்த்து நோக்கினால், பின்னர் நிகழ்ந்தவற்றின் அரசியல் எமக்கு விளங்கும்.

சங்கத்தின் நிறுவுநரான சூசன் பிறிங்கிள் புறொஸ்ற் (1873–1960) ஒரு சுவையான ஆளுமை. நெற்செய்கையிற் பொருள் இழந்த பழங்குடும்பமொன்றிற் பிறந்தவர். நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக உழைத்துச் சம்பாதித்தவர். பின்னர் காணி வீடு வாங்கி விற்கும் தொழிலில், ஆண்களே நிறைந்திருந்த துறையில், துணிந்து இறங்கியவர். பெண்களின் வாக்குரிமைக்காக நகரில் முன்னின்று உழைத்தவர். மிதவாதிகளோடு அமையாது தேசியப் பெண்கள் கட்சியின் பக்கம் சேர்ந்தவர். வர்க்க நலன் என்ற ஒரே சொல்லால் இவரை அளந்துவிட முடியாது. அதே வேளையில், இவர் வேண்டிய வாக்குரிமை அம்மாநிலத்திற் கறுப்பினப் பெண்களைச் சென்றடையாத ஒன்று என்பதும், இவர் மீட்க விரும்பிய தெருக்களிற் கறுப்பினக் குடிகளுக்கு இடம் இருக்கவில்லை என்பதும் உண்மை. ற்றாட் வீதியிலும் கிழக்குக் குடாவீதியிலும் இவர் கடன்பட்டு வீடுகளை வாங்கினார். வாடகைக் குடிகள் வெளியேறினர். வசதியுள்ள வெள்ளையர் குடிபுகுந்தனர். இன்று வானவில் வரிசை என உல்லாசப் பயணிகள் படமெடுக்கும் பதின்மூன்று வீடுகளுள் ஆறினை 1920களில் வாங்கியவர் இவரே. திருத்துவதற்குப் பணமின்றி அவற்றை விற்க நேர்ந்தது. 1931இற் பிறரொருவர் அவற்றுள் ஒன்றை வாங்கி இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார். அயல் வீடுகளும் ஒவ்வொரு வண்ணம் பெற்றன. வண்ணங்கள் கொலனிக்காலத்தவை என்று பயணிகள் எண்ணுவதுண்டு. அவை பெருமந்த காலத்தவை.

1920 ஏப்ரலில் சங்கம் கூடியதற்கு உடனடிக் காரணம் ஜோசப் மனிகோ இல்லம். 1803இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வீடு மோட்டார் வண்டித் தொழிலுக்கு இடம் தருவதற்காக இடிக்கப்படவிருந்தது. சங்கத்திடம் பணம் இல்லை. உறுப்பினரான நெல் பிறிங்கிளும் அவர் கணவரும் வீட்டைத் தம் பொறுப்பில் வாங்கினர். அச்சுமையைத் தாங்க இயலாது 1922இல் அதன் தோட்டத்தை ஸ்ராண்டட் ஒயில் கம்பனிக்கு விற்றனர். தோட்டத்தில் பெற்றோல் நிரப்பு நிலையம் எழுந்தது. கிரேக்கக் கோயிலின் சாயலில் அமைந்த வாயில் மண்டபம் அந்நிலையத்தின் கழிப்பறையாகப் பயன்பட்டது. இறுதியாக 1933இல் வீடு ஏலத்துக்கு வந்தபோது, பலசரக்குக் கடைத்தொடர் ஒன்றின் செல்வத்துக்கு உரித்துடைய பெண்மணியொருவர் பணம் தந்து அதனைச் சாள்ஸ்ரன் நூதனசாலைக்கு உரியதாக்கினார். பெருந்தோட்டத்தின் செல்வம் எழுப்பியதைக் கடைத்தொடரின் செல்வம் காத்தது. இதனைச் சங்கத்தின் தோல்வி என்பதா வெற்றி என்பதா என்று தீர்ப்புக் கூறுவது கடினம். பதின்மூன்று ஆண்டுகள் ஒரு குடும்பம் தன்னை வருத்திக்கொண்டிராவிடின் ஏலத்துக்கு விடுவதற்கே வீடு இருந்திராது.

ஆயின் அவ்வீட்டை வீரத்தின் சின்னமாகக் காட்டிய எழுத்துக்களில், ஜோசப் மனிகோ தன் பாட்டனிடமிருந்து நெல்வயல்களோடு இருநூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளையும் முதுசமாகப் பெற்றவர் என்ற செய்தி நெடுங்காலம் உரிய இடம் பெறவில்லை. வளைந்து ஏறும் படிக்கட்டின் நயம் பேசப்பட்டது. அப்படிக்கட்டில் நீர் சுமந்து ஏறியவர் பேசப்படவில்லை.

1920களில் சங்கத்தார் எதிர்த்துப் போராடிய மற்றொரு கேடு, வீடுகளின் உள்ளுறுப்புகள் விலைபோனமை. வட மாநில நூதனசாலைகளும் செல்வரும் மரவேலைப்பாடுள்ள சுவர்ப்பலகைகளையும் இரும்புப் பல்கணிகளையும் கழற்றி வாங்கிச் சென்றனர். 1772இல் கட்டப்பட்ட ஜோன் ஸ்ருவட் இல்லத்தின் அறைகள் இவ்வாறே மின்னெயாபொலிஸ் நகரக் கலை நிறுவனத்தைச் சென்றடைந்தன. இவ்விடயத்திற் சங்கத்தாரின் சினம் நியாயமானது. தோற்ற நாட்டின் கலைச்செல்வத்தை வென்றவர் பணம் கொடுத்துப் பெயர்த்துச் செல்வதை நாம் எப்பக்கத்திலிருந்து நோக்கினும் ஏற்கவியலாது. எனினும் அப்பலகைகளைச் செதுக்கிய கைகளிற் பல அடிமைத் தச்சருடையவை. அக்கைகளுக்கு எவரும் விலை கொடுக்கவில்லை. அவ்விழப்புப் பற்றி எழுந்த குரல்களில் இக்குறிப்பை நாம் காணவில்லை.

மாநகர சபையின் நாட்டம் வேறு திசையிலிருந்து வந்தது. 1924இல் மேயர் தோமஸ் ஸ்ரோனி தமது நகரை அமெரிக்காவின் மிக வரலாற்றுச் சிறப்புடைய நகரம் என அறிவித்தார். 1929இல் கூப்பர் ஆற்றின் மேல் பாலம் திறக்கப்பட்டது; மோட்டார் வண்டிகளிற் பயணிகள் வந்தனர். அவ்வாண்டளவிலேயே மீற்றிங் வீதியில் கேப்பிரியல் மனிகோவின் இல்லத்தை இடித்து ஸ்ராண்டட் ஒயில் கம்பனி மற்றுமொரு பெற்றோல் நிலையத்தை அமைத்தது. எதிர்ப்பைத் தணிப்பதற்கு அது கண்ட வழி விந்தையானது. நகரின் முதன்மையான பேணற் கட்டடக் கலைஞரான அல்பேட் சைமன்ஸைக் கொண்டே, இடிக்கப்பட்ட வீட்டிலிருந்து எடுத்த பகுதிகளைச் சேர்த்து, கொலனிக்காலப் பாணியில் அந்நிலையம் வரையப்பட்டது. பேணற்கலையின் உள்முரண்பாடு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் வெளிப்பட்டதாக நாம் அறியோம். பொருள் போய்ப் பாணி நின்றது. பிற்காலத்தில் அப்பெற்றோல் நிலையமே பேணத்தக்க பழைய கட்டடமாகி, நகரின் மற்றொரு பேணல் நிறுவனத்தின் உடைமையாயிற்று.

மோட்டார் வண்டி பழைமையின் பகையென்று சங்கத்தார் கருதினர். உண்மையில் அதுவே பழைமைக்குச் சந்தையைக் கொண்டுவந்தது. பயணிகளின் வண்டிக்குப் பெற்றோல் வேண்டும். பயணிகள் காண்பதற்குப் பழைய வீடுகளும் வேண்டும். 1931 ஒக்ரோபரில் நிறைவேறிய சட்டம் இவ்விரு தேவைகளையும் இணக்கப்படுத்திய ஒரு சட்டம். குடாநாட்டின் தென்முனையில் இருபத்துமூன்று தெருக்கட்டங்களை அது வரலாற்று வட்டாரமாக வகுத்தது. கட்டடக்கலை மீளாய்வுச் சபையொன்றையும் ஏற்படுத்தியது. அச்சபையின் அதிகாரம் தெருவிலிருந்து காணத்தக்க வெளித்தோற்றத்தைப் பற்றியது மட்டுமே. இடிப்பதைத் தடுக்கும் வலிமை பிற்காலத் திருத்தங்களாலேயே வந்தது.

தெருவிலிருந்து காணத்தக்கது: இத்தொடரை ஒரு விமரிசகர் எளிதிற் கடந்து செல்லலாகாது. சட்டநோக்கில் அதற்குக் காரணம் உண்டு. தனியுடைமையின் உட்புறத்தில் அரசு தலையிடுவதை நீதிமன்றங்கள் ஏற்கா என்ற அச்சம் அக்காலத்தில் நியாயமானதே. ஆயின் விளைவு என்ன? முன்னே கூறிய வீட்டமைப்பை மீண்டும் நினைவுகொள்வோம். தெருவுக்குத் தெரிவது முன்வீடு. தெரியாதது முற்றமும் அடிமைகளின் உறைவிடமும். முன்வீட்டின் பலகணி வண்ணத்தை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டியிருந்த ஒரு நகரில், பின்முற்றத்தின் வரலாறு சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாதிருந்தது. அவ்வுறைவிடங்கள் வண்டிக்கொட்டகை என்றும் துணைக்கட்டடம் என்றும் வேலையாள் குடியிருப்பு என்றும் பெயர் பெற்றன. பின்னர் பல, விருந்தினர் தங்கும் அழகிய சிறுவீடுகளாயின. அடிமை என்ற சொல்லே அகற்றப்பட்டது. இவ்வாறு கூறுவதால் சட்டத்தை இயற்றியவர் திட்டமிட்டு மறைத்தனர் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. தம் வர்க்கம் எப்போதும் நோக்கிய இடத்திலிருந்தே அவர்கள் நோக்கினர். அவ்விடத்திற் சட்டம் ஒரு சட்டகத்தை அமைத்துக் கொடுத்தது.

இதே காலத்து இலக்கிய முயற்சிகளையும் உடன்வைத்து நோக்கினால் இப்போக்கு மேலும் தெளிவாகும். 1922இல் அந்நகரில் வேறொரு சங்கம் தோன்றியது. ஆன்மிகப் பாடல்களைப் பேணும் சங்கம். அடிமைகள் பாடிய சமயப் பாடல்களை, கல்லா எனப்படும் அவர்களுடைய பேச்சு வழக்கிலேயே, பெருந்தோட்ட உரிமையாளரின் வழிவந்த வெள்ளையர் பாடிப் பேணினர். அடிமைமுறை நிலவிய காலத்து எசமானர் உடையிலேயே மேடையேறினர். வட மாநில நகரங்களிலும் பாராட்டுப் பெற்றனர். அப்பாடல்களை உண்மையாகவே நேசித்தவர் அவர்களுள் இருந்தனர் என்பதை ஐயுறவேண்டியதில்லை. பாடியவரின் பேரப்பிள்ளைகள் அதே நகரின் கோயில்களில் அப்பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தனர். அவர்கள் பேணுவோராகக் கருதப்படவில்லை.

பழைய இல்லங்கள் பற்றிய உணர்வும் பாடல்கள் பற்றிய உணர்வும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை. டியூபோஸ் ஹேவேட் 1925இல் வெளியிட்ட 'போகி' நாவலின் வாழ்க்கையை இவ்வூற்றின் மூன்றாவது கிளை எனலாம். கறுப்பினத்தவர் வாழும் முற்றமொன்றே அதன் களம். சேச் வீதியில் 'கோவா வரிசை' என வழங்கிய உண்மையான குடியிருப்பு அதற்கு மூலம். அங்கு வாழ்ந்தோர் பலகணி விளிம்பிற் காய்கறி வைத்து விற்றமையால் அப்பெயர் வந்தது. 1927இல் நாவல் நாடகமாயிற்று. 1935இல் ஜோர்ஜ் கேர்ஷ்வினின் இசையில் 'போகியும் பெஸ்ஸும்' என்ற இசைநாடகமாயிற்று. நாவல் புகழ் பெற்றுக்கொண்டிருந்த 1920களின் இறுதியிலேயே கோவா வரிசையிற் குடியிருந்தோர் அகற்றப்பட்டு அக்கட்டடம் அழகுறத் திருத்தப்பட்டது. பாத்திரங்கள் நிலைபெற்றன; மாந்தர் வெளியேறினர். பயணிகள் அவ்வெற்று முற்றத்தைக் காண வந்தனர்.

கதை அத்துடன் முடியவில்லை. நிறப்பாகுபாட்டுச் சட்டங்களின் காரணமாக அவ்விசைநாடகம் 1970 வரை சாள்ஸ்ரனில் மேடையேறவில்லை. அவ்வாண்டு நகரின் முந்நூறாவது ஆண்டு நிறைவையொட்டி அது அரங்கேறிய இடம் 1968இல் திறக்கப்பட்ட நகர மண்டபம். அம்மண்டபமோ, பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழ்ந்த ஒரு குடியிருப்பை அகற்றிவிட்டு எழுப்பப்பட்டது.

1930களின் இறுதியிற் சேரி ஒழிப்பு என்ற பெயரில் வெள்ளையருக்கு மட்டுமென அமைக்கப்பட்ட அரசுக் குடியிருப்புத் திட்டத்திலும் சைமன்ஸ் முதலிய பேணற் கலைஞரின் கை இருந்தது. 1947இல் வரலாற்றுச் சாள்ஸ்ரன் நிறுவனம் தோன்றியதும் முயற்சிகள் பெருகின. 1959இல் அந்நிறுவனம் அன்சன்பரோப் பகுதியிற் சுழல்நிதி முறையைத் தொடங்கியது. வீட்டை வாங்குதல், நிபந்தனையுடன் விற்றல், கிடைத்த பணத்தைக் கொண்டு அடுத்ததை வாங்குதல் என்பதே அம்முறை. தொழில்நுட்ப வகையில் அது மெச்சத்தக்கது, நாடெங்கும் பின்பற்றப்பட்டது. வாடகைக்கு இருந்தோர் எங்கு சென்றனர் என்பது அம்முறையின் கணக்கேட்டில் ஒரு பதிவாக அமையவில்லை.

ஸ்ரெபனி யூல் 2005இல் வெளியிட்ட ஆய்வு முதலியன, இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இந்நகரின் பழைமை எவ்வாறு ஒரு குறிப்பிட்ட வகுப்பாரின் நினைவாக உருவாக்கப்பட்டது என்பதை விரிவாக நிறுவியுள்ளன. அம்முடிவுகளோடு எமக்குப் பெரிதும் உடன்பாடே. ஆயின் அத்துடன் நின்றுவிட்டால், தொடக்கத்தில் நாம் ஐயுற்ற இரண்டாவது விளக்கத்தில், அதாவது எல்லாம் எசமானரின் ஏக்கமே என்பதில், முடிந்துவிடுவோம். இதற்கு எதிரான சான்றுகள் சங்கம் காத்த சுவர்களிலேயே உள்ளன.

முதலாவது சான்று உழைப்புப் பற்றியது. புறொஸ்ற் திருத்திய வீடுகளிற் பலவற்றில் மேற்பார்வையாக நின்று வேலை செய்தவர் தோமஸ் மேஹெம் பிங்க்னி என்ற கறுப்பினக் கைவினைஞர். பழைய மரவேலையின் நுட்பம் அவர் கையில் இருந்தது. அடிமைத் தச்சரிடமிருந்து தலைமுறை வழி வந்த அறிவு அது. எனவே கட்டியதும் காத்ததும் ஒரே மக்களின் கைகளே. இரும்புவேலையிலும் இவ்வாறே. பிலிப் சைமன்ஸ் (1912–2009) என்ற கறுப்பினக் கொல்லர் நகரெங்கும் செய்த படலைகளும் வேலிகளும் இன்று சாள்ஸ்ரனின் முகமாகவே கருதப்படுகின்றன. அவருக்கு 1982இல் தேசிய மட்டத்தில் மரபுக்கலைஞருக்கான விருது வழங்கப்பட்டது.

இரண்டாவது சான்று செங்கல். ஆற்றங்கரைச் சூளைகளில் அடிமைகள் அறுத்த செங்கற்களில் விரற்பதிவுகள் காணப்படுகின்றன. ஈரமான கல்லை அச்சிலிருந்து எடுத்து உலரவைத்த கையின் அடையாளம் அது. சிலவற்றின் அளவைக் கொண்டு அவை சிறுபிள்ளைகளின் விரல்கள் என்று கூறுகின்றனர். எழுத்தறிவு சட்டத்தால் மறுக்கப்பட்ட மக்களின் வரலாற்றுக்கு இதைவிட நேரடியான ஆவணம் எது? சங்கத்தார் இப்பதிவுகளுக்காகச் சுவரைக் காக்கவில்லை. ஆயினும் சுவர் நின்றமையாற் பதிவு நின்றது. பெற்றோல் நிலையங்கள் வென்றிருப்பின் எசமானரின் கதையும் போயிருக்கும். அதனை மறுத்துரைக்கும் சான்றும் போயிருக்கும்.

காத்தவரின் நோக்கமும் காக்கப்பட்ட பொருளின் பயனும் ஒன்றல்ல என்பதே இங்கு நாம் வற்புறுத்த விரும்புவது. புலவர் எவரைப் பாடப் பொருள் பெற்றார் என்பதை அறிந்தபின்னும் நாம் அவர் பாடலைப் படிக்கிறோம். அதில் அவர் எண்ணாதவற்றையும் காண்கிறோம். கட்டடத்துக்கு மட்டும் இவ்வாசிப்பை மறுப்பது முறையன்று.

அவ்வாசிப்புக்கு இடந்தரும் பேணல் முறைகளும் பின்னர் தோன்றியுள்ளன. ஏய்க்கன்–ரெற் இல்லத்தை வரலாற்றுச் சாள்ஸ்ரன் நிறுவனம் 1995இற் பெற்றபோது அதனைப் புதுக்கி மெருகூட்டவில்லை. உதிர்ந்த சுவர்த்தாளோடும் பழைய சாந்தோடும் உள்ளவாறே நிறுத்திவைத்தது. பின்முற்றத்து உறைவிடங்களும் சமையற்கட்டும் அங்கு முன்வீட்டோடு சேர்த்தே காட்டப்படுகின்றன. சாமேர்ஸ் வீதியிலுள்ள பழைய அடிமைச்சந்தைக் கட்டடத்தின் கதை இன்னும் சிக்கலானது. 1938இல் மிரியம் வில்சன் என்ற வெள்ளையினப் பெண்மணி அதனை வாங்கி நூதனசாலையாக்கினார். அவர் தந்த விளக்கம் எசமானருக்குச் சார்பானது. அந்நாளில் அது சந்தையே அன்று என மறுத்துரைத்தோரும் நகரில் இருந்தனர். 1988இல் மாநகர சபை அதனை வாங்கியது. 2007இல் உண்மையை உரைக்கும் நூதனசாலையாக அது மீளத் திறக்கப்பட்டது. பொய்யான விளக்கத்துக்காகக் காக்கப்பட்ட கட்டடம் மெய்யான விளக்கத்துக்கு உதவியது. 2023இல், அடிமைகள் கரையிறக்கப்பட்ட காட்ஸ்டன் துறையில், சர்வதேச ஆபிரிக்க அமெரிக்க நூதனசாலை திறக்கப்பட்டது.

பேணற் சங்கமும் 2010களில் தன் கடந்தகாலத்தை மீள நோக்கத் தொடங்கி, கறுப்பின மக்களின் வரலாற்றிடங்களுக்கென ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவுக்கு அது தெரிந்தெடுத்த பெயர் தோமஸ் மேஹெம் பிங்க்னியுடையது. இதனை நாம் மனமுவந்து வரவேற்கிறோம். அதே வேளை, 1980களின் தொடக்கத்திற் குடாநாட்டுப் பகுதியிற் பெரும்பான்மையினராக இருந்த கறுப்பினத்தவர் இன்று சிறுபான்மையினராகிவிட்டனர். பேணலால் உயர்ந்த காணி விலையும் வரியும் வாடகையும் இதற்குக் காரணங்களுள் அடங்கும். நினைவுப்பலகை நாட்டப்படும் தெருவில் அந்நினைவுக்குரியோர் குடியிருக்க இயலாத நிலைக்குக் குழுவின் பெயர் மட்டும் மாற்றாகாது.

இவ்வரலாற்றுக்கு இணையாக வேறொரு சங்கத்தின் வரலாறும் உண்டு. அது இன்னும் பரவலாக அறியப்படவில்லை. 1865இல், போர் முடிந்த ஆண்டிலேயே, விடுதலை பெற்றோரின் பிள்ளைகளுக்கென ஏவறிப் பாடசாலை தொடங்கப்பட்டது. புள் வீதியிற் கட்டப்பட்ட செங்கற் கட்டடத்தில் அது பல தலைமுறை ஆசிரியரைப் பயிற்றியது. குடியுரிமைப் போராட்டத்தின்போது வாக்காளர் பதிவுக்கென முதியோருக்கு எழுத்தறிவித்த செப்ரிமா கிளாக் அதன் பழைய மாணவி. 1954இற் பாடசாலை மூடப்பட்டது. பின்னர் கட்டடம் கைமாறி அழியும் நிலை தோன்றியபோது, பழைய மாணவர் 1978இல் ஒரு வரலாற்றுக் கழகத்தை அமைத்தனர். அவர்களிடமும் பணம் இருக்கவில்லை. புறொஸ்றின் சங்கத்துக்கு வாய்த்த பழங்குடும்பத் தொடர்புகளும் கடைத்தொடர் உரித்தாளரும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. கட்டடத்தின் அழகு பற்றி அவர்கள் வாதாடவுமில்லை. அங்கு நடந்ததைப் பற்றியே வாதாடினர். 1985இல் சாள்ஸ்ரன் கல்லூரியோடு இணைந்து அங்கு ஓர் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. குடும்பங்கள் பெட்டிகளிற் சேமித்து வைத்திருந்த கடிதங்களும் படங்களும் கோயிற் பதிவுகளும் இன்று அந்நிலையத்தின் ஆவணங்களாக அடுக்கப்பட்டுள்ளன. பின்முற்றத்தின் வரலாற்றை எழுத விரும்பும் ஆய்வாளர் முதலிற் செல்ல வேண்டிய வீடு அதுவே.